தூக்குமேடையிலிருந்து துறைமுகம் வரை

ரங்கூன் நகரம். ஆண்டு 1976. ஒரு மனிதனுக்கு மரண தண்டனை விதிக்கிறது பர்மா அரசு.

அதே ரங்கூன் நகரம். 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள். அதே மனிதன் சாகிறான். தூக்குக் கயிற்றில் அல்ல தோழர்களே, முதுமையில்! குற்றவாளியாக அல்ல, கோடீஸ்வரனாக! நாட்டின் மிகப்பெரிய தொழில் நிறுவனங்களிலே ஒன்றை நிறுவியவன், துறைமுகமும் நெடுஞ்சாலையும் விமான நிலையமும் கட்டிய குடும்பத்தின் தலைவன் என்ற பெயரோடு!

இடையிலே கழிந்தவை முப்பத்தேழு ஆண்டுகள். அந்த முப்பத்தேழு ஆண்டுகளில் நடந்தது என்ன? அவன் திருந்தினானா? சட்டம் திருந்தியதா? அல்லது இருவரும் திருந்தத் தேவையில்லாதபடி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்களா? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டால், பர்மாவின் அரை நூற்றாண்டுக் கதையே விடையாக வந்து நிற்கும்.

அவன் பெயர் லோ சிங் ஹான். பர்மாவின் வடகிழக்கு மூலையில், சீன எல்லையை ஒட்டிக் கோகாங் என்றொரு மலைநாடு இருக்கிறது. சால்வீன் ஆற்றுக்குக் கிழக்கே, சீனம் பேசும் மக்கள் வாழும் சீமை. அங்கே 1930களில் பிறந்தவன். நெல் விளையாத செங்குத்து மலை. ஆனால் ஒன்று விளையும்: கசகசாச் செடி. நம் வீட்டு அம்மிக்கு வருகிற அதே கசகசா! அதன் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். மாலையில் மூன்று நான்கு அலகு கொண்ட கத்தியால் காயைக் கீறி விடுவார்கள், இரவெல்லாம் பால் கசிந்து கறுத்துப்போகும், விடிந்ததும் வழித்தெடுப்பார்கள். பெண்டுகளும் பிள்ளைகளும் குளிரில் குனிந்து குனிந்து செய்கிற வேலை. பத்துக் கிலோ அபினைக் காய்ச்சினால் ஏறத்தாழ ஒரு கிலோ ஹெராயின். காயைக் கீறியவளுக்குக் கிடைப்பது அடுத்த அறுவடை வரைக்குமான அரிசி. மீதி? மீதி யாருக்கு என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு சிறு செய்தியை இடையிலே சொல்லிவிடுகிறேன். பர்மாவில் அபினை எடைபோட்ட அளவுக்கு வெள்ளைக்காரன் எழுதிய பெயர் 'விஸ்'. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று அகராதிக்காரர்கள் ஆராய்ந்தார்கள். நம் 'வீசை'தான்! கடல் கடந்து சென்ற தமிழ் வணிகன் தராசையும் கொண்டுபோனான், தராசின் பெயரையும் கொண்டுபோனான். அந்தத் தமிழ் வணிகனின் வழிவந்தவர்களுக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

அபின் ஒன்றும் லோ கண்டுபிடித்த சரக்கல்ல. கல்கத்தாவில் ஏலம் போட்டு, கப்பல் கப்பலாகச் சீனாவுக்கு ஏற்றியது வெள்ளைத் துரைத்தனம். 1949இல் சீனாவில் மாவோவின் படை வென்றபோது தோற்றோடிய கோமிண்டாங் படையினர் ஷான் மலைகளில் புகுந்தனர். அமெரிக்க உளவுத்துறை அவர்களுக்கு ஆயுதம் தந்தது. அபின் அவர்களுக்குச் சம்பளம் தந்தது. கோகாங்கை ஆண்ட யாங் குடும்பத்தில் ஆலிவ் யாங் என்றொரு பெண் இருந்தாள். ஆண் உடை உடுத்தி, இடுப்பிலே துப்பாக்கி செருகி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையாட்களை நடத்தி, எல்லை கடந்து அபின் அனுப்பிய பெண். 1950களில் கதாசிரியன் கற்பனை செய்யக்கூடத் தயங்கும் பாத்திரம்! அவள் படையிலே வேலை பழகியவன்தான் நமது லோ.

1962 மார்ச் 2. ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். பாராளுமன்றம் போயிற்று, அரசியல் சட்டம் போயிற்று, பிரதமர் ஊ நு சிறைக்குப் போனார். ஆலிவ் யாங்கும் பிடிபட்டாள். அவளது தளபதிகள் திகைத்தார்கள். லோ மட்டும் திகைக்கவில்லை. வென்றவன் யார் என்று பார்த்தான். அவன் பக்கம் போய் நின்றான்.

நே வினுக்கு ஒரு தொல்லை இருந்தது. ஷான் மலைகளெங்கும் கிளர்ச்சிக்காரர்கள். அவர்களை அடக்கப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும், கருவூலத்திலோ பணமில்லை. ஆகவே 1963இல் ஒரு திட்டம் தீட்டினார்கள். 'கா க்வெ யே' என்று அதற்குப் பெயர். பர்மிய மொழியில் 'தற்காப்பு' என்று பொருள். உள்ளூர்ப் படைத்தலைவர்கள் கிளர்ச்சிக்காரர்களோடு சண்டையிட வேண்டும். சம்பளம் கிடையாது. சம்பளத்துக்குப் பதிலாக? அரசாங்கச் சாலையில் அவர்களுடைய சரக்கு போகலாம், அரசாங்க ஊர்களில் தங்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். என்ன சரக்கு என்று கேட்கிறீர்களா? அரசும் கேட்கவில்லை, நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்!

நாட்டின் பாதுகாப்பை ஒப்பந்தத்துக்கு விட்டு, ஒப்பந்தத் தொகையை அபினாகக் கழித்துக்கொள்ளச் சொன்ன சர்க்கார் அது. கோகாங் படைக்குத் தலைவனாக லோவை அமர்த்தினார்கள். லாஷியோ நகரம் அவனுக்குத் தலைமையிடம். அங்கிருந்து தெற்கே தாய்லாந்து எல்லையில் உள்ள டாச்சிலேக் வரை நூற்றுக்கணக்கான கோவேறு கழுதைகள் வரிசை வரிசையாக நடந்தன. போகும்போது முதுகில் அபின். திரும்பும்போது துணி, மருந்து, நாட்டில் எந்தக் கடையிலும் கிடைக்காத பண்டங்கள் அத்தனையும்.

ஏன் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை? கடையே இல்லையே!

இங்கேதான் தோழர்களே, கதை நம் வாசலுக்கு வருகிறது. லோவுக்குச் சாலை திறந்த அதே ஆட்சி, அதே ஆண்டுகளில், மற்றவர்களுக்கு என்ன செய்தது? 1963 பிப்ரவரியில் வங்கிகளை எடுத்துக்கொண்டது. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை எடுத்துக்கொண்டது. பெரிய முதலாளியின் பண்டசாலையை மட்டுமா? தெருமுனையில் துணி விற்றவன், பலசரக்கு விற்றவன், அவனுடைய கடையையும் சேர்த்துத்தான். அடுத்து 1964 மே மாதம், ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று ஓர் அறிவிப்பு. மூட்டை தூக்கிச் சேர்த்தவன், ரிக்‌ஷா இழுத்துச் சேர்த்தவன், தலையணைக்குள் வைத்துத் தைத்திருந்த காசு ஒரே நாளில் காகிதமாயிற்று.

செட்டியார்களைச் சொல்கிறீர்களா, அவர்கள் வட்டி வாங்கிக் கொழுத்தவர்கள்தானே என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழக் கால் பங்கு 1930களின் முடிவில் செட்டியார் கைக்குப் போயிருந்தது என்பது கணக்கு. பர்மிய உழவன் வயிறெரிந்ததில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதை மறைக்கமாட்டேன். ஆனால் 1964இல் கப்பலேறி வந்தவர்களில் பெரும்பாலோர் யார்? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், அரிசி ஆலையில் வேர்த்தவர்கள், தேநீர்க் கடை வைத்தவர்கள், வயலிலே நாற்று நட்டவர்கள். மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து, தமிழையும் பர்மியத்தையும் கலந்து பேசியவர்கள். கையிலிருந்த நகையைக்கூடக் கப்பலேறுமுன் பறிகொடுத்து, சென்னைத் துறைமுகத்தில் வெறுங்கையோடு இறங்கினார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் என்று நடைபாதைக் கடைகள் முளைத்த வரலாறு அதுதான். ஊர் ஊராகப் பர்மா காலனி என்று பெயர்ப்பலகை நிற்கிறதே, அதன் வரலாறும் அதுதான்.

துணிக்கடை வைத்திருந்தவன் சமதர்மத்துக்குப் பகைவன். அபின் வைத்திருந்தவன் தேசத்துக்குப் பாதுகாவலன்! 'சமதர்மத்துக்கு பர்மியப் பாதை' என்று அந்த ஆட்சி தன் கொள்கைக்குப் பெயர் சூட்டியிருந்தது. அந்தப் பாதையில் நடந்து போனவை கோவேறு கழுதைகள்.

வியட்நாமில் போர் முற்றிற்று. அமெரிக்கச் சிப்பாய்களின் பாசறைகளில் ஹெராயின் தாராளமாகப் புழங்கிற்று. பத்துப் பேரில் ஒருவருக்குக் குறையாமல் அந்தப் பழக்கத்துக்கு ஆளாகிவிட்டார்கள் என்று 1971இல் அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர் இருவர் அறிக்கை கொடுத்தனர். வாஷிங்டன் பதறியது. அபின் காய்ச்சிய கிராமங்களின் மீதல்ல, தன் பிள்ளைகள் வீடு திரும்பும்போது நோயோடு திரும்புகிறார்களே என்று பதறியது. போதைக்கு எதிரே போர் என்று முழங்கினார் நிக்சன். தென்கிழக்காசிய ஹெராயின் வாணிபத்தின் தலைமகன் என்று லோவின் பெயரை அமெரிக்க அதிகாரிகள் உலகறியச் சொன்னார்கள். மலைநாட்டுக் கழுதைக் கூட்டத்துத் தலைவன், உலகப் புகழ் பெற்றான்!

புகழ் வந்தால் ஆபத்தும் வரும். ஊர் சிரிக்கிறதே என்று 1973இல் நே வின் அந்தப் படைகளைக் கலைக்கச் சொன்னார். ஆயுதத்தைக் கொடு, வீட்டுக்குப் போ என்றார். லோ கொடுக்கவில்லை. காட்டுக்குள் புகுந்தான். நேற்றுவரை யாரைச் சுட்டானோ, அந்த ஷான் கிளர்ச்சிப் படையோடு கைகோத்தான். அதோடு நின்றானா? விந்தையான ஒரு திட்டத்திலும் சேர்ந்துகொண்டான். ஷான் நாட்டு அபினை எல்லாம் அமெரிக்காவே விலை கொடுத்து வாங்கட்டும், வாங்கி எரிக்கட்டும், எங்களுக்கு அரசியல் உரிமை கிடைக்க உதவட்டும் என்பது திட்டம். ஷான் படையினர் வகுத்த திட்டம் அது. அந்நாளில் காட்டுக்குள் இருந்து படமெடுத்த ஏட்ரியன் கவல் என்ற ஆங்கிலப் படக்காரர் மூலம் வெளியுலகுக்குச் சென்றது. அமெரிக்கா ஏற்கவில்லை.

அதே 1973இல், தாய்லாந்தின் மேஹாங்சோன் பகுதிக்குள் கால் வைத்த லோவைத் தாய்லாந்துக் காவலர் பிடித்தனர். ரங்கூனிடம் ஒப்படைத்தனர்.

இனித்தான் வேடிக்கை. உலகம் முழுதும் அவனை ஹெராயின் மன்னன் என்கிறது. ரங்கூன் அவன்மீது என்ன வழக்குத் தொடுத்தது? அபின் வழக்கா? அபின் விற்க அனுமதி கொடுத்தவர்களே அவர்கள்தானே! அதற்கு வழக்குப் போட்டால், சாட்சிக் கூண்டில் யார் யார் ஏறவேண்டி வரும்? ஆகவே இராஜத் துரோகம் என்று வழக்கு. கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்தான் என்பதற்காக மரண தண்டனை. பத்து ஆண்டு அபின் ஏற்றியது குற்றமல்ல. சில மாதங்கள் எதிரணியில் நின்றது குற்றம். எந்தக் குற்றம் எழுதப்பட்டது என்பதைவிட, எந்தக் குற்றம் எழுதாமல் விடப்பட்டது என்று பார்த்தால் அந்த ஆட்சியின் உள்ளம் நன்றாகத் தெரிகிறது.

தூக்கு நிறைவேறவில்லை. 1980இல் பொது மன்னிப்பு. சிறைக்கதவு திறந்தது. லோ லாஷியோவுக்குத் திரும்பினான். அவன் இல்லாத ஆண்டுகளில் அந்தத் தொழிலுக்கு வேறு மன்னன் வந்துவிட்டிருந்தான்: குன் சா. அவனும் அதே தற்காப்புப் படைத் திட்டத்தில் வளர்ந்தவன்தான். ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்! அமெரிக்கா குன் சாவின் தலைக்கு இருபது இலட்சம் டாலர் விலை வைத்தது. 1996 ஜனவரியில் அவன் பர்மா இராணுவத்திடம் சரணடைந்தான். அமெரிக்கா கேட்டும் அவனை ஒப்படைக்க மறுத்துவிட்டது ரங்கூன். 2007இல் அங்கேயே அமைதியாக இறந்தான். அவன் கதை தனிக் கதை.

லோவுக்கு இரண்டாவது வாழ்வு தந்தது 1988. அந்த ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பர்மிய மாணவர்களும் தொழிலாளர்களும் துறவிகளும் தெருவுக்கு வந்தார்கள். துறைமுகத் தொழிலாளி வேலையை நிறுத்தினான், ரயில் நின்றது, அலுவலகம் மூடியது. இராணுவம் சுட்டது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். செப்டம்பர் 18இல் புதிய தளபதிகள் பழைய தளபதியின் இடத்தில் அமர்ந்தார்கள். உலக நாடுகள் உதவியை நிறுத்தின. கருவூலம் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது.

அப்போது, 1989 மார்ச்சில், கோகாங் மலையில் ஒரு கலகம். பர்மாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் படையில் இருந்த கோகாங் வீரர்கள், பெங் ஜியாஷெங் என்பவரின் தலைமையில், கட்சித் தலைமையையே விரட்டிவிட்டார்கள். இந்தப் படை நம் பக்கம் வருமா, அல்லது நகரத்து மாணவரோடு சேருமா? ஜெனரல்களுக்கு உறக்கம் போயிற்று. கோகாங் மொழி தெரிந்தவன், கோகாங் மலை தெரிந்தவன், அங்குள்ளவர்களை நேற்றுமுதல் அறிந்தவன் ஒருவன் வேண்டும். யாரை அழைப்பது? உளவுத்துறைத் தலைவர் கின் நியுன்ட் தேடிய ஆள், மரண தண்டனைப் பட்டியலில் இருந்து பிழைத்து வந்த அதே லோ! ஆலிவ் யாங்கும் வயதான காலத்தில் தூது போனாள். சில நாட்களில் பேச்சு முடிந்தது. போர் நிறுத்தம் ஏற்பட்டது. கோகாங் படை தன் ஆயுதத்தையும் தன் மலையையும் தன் வாணிபத்தையும் வைத்துக்கொண்டது. இராணுவத்துக்கு வடகிழக்கில் தலைவலி தீர்ந்தது. அதன் பிறகு பர்மாவின் அபின் விளைச்சல் ஏறியது. 1990களின் நடுவில் அமெரிக்க அரசின் கணக்குப்படி ஆண்டுக்கு இரண்டாயிரம் டன்னுக்கும் மேல்.

தரகுக்குக் கூலி உண்டு. 1992ஆம் ஆண்டில் 'ஏசியா வேர்ல்டு' என்ற நிறுவனம் ரங்கூனில் பிறந்தது. தந்தை நிறுவனர், மகன் ஸ்டீவன் லா நிர்வாகி. மகனுக்குப் பர்மியப் பெயரும் உண்டு: துன் மின்ட் நாயிங்.

இதுவரை 'அவன்', 'அவன்' என்றே எழுதிவந்தேன். இனி அது முறையாகாது. கழுதைமேல் சரக்கு ஏற்றியவனை ஒருமையில் அழைக்கலாம். கப்பலில் ஏற்றுபவரை அப்படி அழைப்பது உலக வழக்கமல்லவே. ஆகவே, இனி அவர் 'அவர்'!

என்னென்ன கட்டினார்கள் என்று கேளுங்கள். ரங்கூன் ஆற்றோரம் கப்பல்துறை. மாண்டலேயிலிருந்து லாஷியோ வழியாகச் சீன எல்லையான மூசே வரையிலான நெடுஞ்சாலை. கட்டிச் செப்பனிட்டு, சுங்கச் சாவடி போட்டு, லாரிக்காரனிடம் வசூலித்துக்கொள்ளும் உரிமை. ஒரு காலத்தில் எந்த மலைச்சீமையில் அவருடைய கழுதைகளை யாரும் தடுக்காமல் விட்டார்களோ, அந்தச் சீமையில் இப்போது அவருடைய நிறுவனம் எல்லோரையும் தடுத்து நிறுத்திப் பணம் வாங்கியது! 2005 நவம்பரில் ஜெனரல்கள் தலைநகரை ரங்கூனிலிருந்து தூக்கிக்கொண்டு நேபிடோ என்ற புதுப் பட்டணத்துக்குப் போனார்களே, அந்தப் பட்டணத்தைக் கட்டிய பெரிய ஒப்பந்தக்காரர்களில் ஏசியா வேர்ல்டும் ஒன்று. அங்கே விமான நிலையமும் அவர்கள் கட்டியதே. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தைச் சூறையாடி இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிரைக் கொண்டுபோயிற்று. மறுகட்டுமான வேலைகளிலும் பங்கு அவர்களுக்கு உண்டு. பிணம் மிதந்த ஆற்றோரத்திலும் ஒப்பந்தப் பத்திரம் மிதந்து வந்தது.

ஏலம் விட்டார்களா, ஒப்பந்தப்புள்ளி கேட்டார்களா, இன்னொருவன் குறைந்த விலைக்குக் கேட்டானா என்று விசாரிக்கப் பாராளுமன்றம் இருந்ததா? 1990இல் நடந்த தேர்தலில் 485 இடங்களில் 392ஐ ஆங் சான் சூ சியின் கட்சி வென்றது. வென்றவர்களைச் சபைக்குள் விடவே இல்லை. பத்திரிகை இருந்ததா? தணிக்கை அதிகாரியின் கத்தரிக்குத் தப்பியதுதான் பத்திரிகை. தொழிற்சங்கம் இருந்ததா? அதைப் பேசியவன் சிறையில் இருந்தான். இந்த மூன்றும் இல்லாத நாட்டில் முதலாளி ஆவதற்குத் தொழில் தெரியவேண்டியதில்லை. தளபதி தெரிந்தால் போதும். பர்மிய மக்கள் இப்படிப்பட்டவர்களைக் குறிக்க ஆங்கிலத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள்: 'குரோனி'. அங்கே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவன்கூட அந்தச் சொல்லை நன்றாக அறிவான்.

தே சா என்றொருவர் இருந்தார். மரம் வெட்டத் தொடங்கி, 'டூ' என்ற நிறுவனத்தை வளர்த்து, 2004இல் 'ஏர் பகான்' என்று சொந்த விமானக் கம்பெனியே தொடங்கியவர். ஜெனரல்களுக்கு ஆயுதத் தரகர் என்று அமெரிக்கக் கருவூலம் அவரைக் குறிப்பிட்டுத் தடை விதித்தது. அவரும் குரோனிதான். ஆனால் தே சாவின் ஏற்றம் ஒரு தளபதிக் கூட்டத்தின் தயவில் வந்தது. லோவின் ஏற்றமோ மூன்று ஆட்சிகளைப் பார்த்தது.

அந்தத் தளபதிகள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். லோவுக்கு மரண தண்டனை விதித்த ஆட்சியின் நாயகர் நே வின், 2002இல் தம் வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் இறந்தார். அவருடைய மருமகனுக்கும் மூன்று பேரன்களுக்கும் ஆட்சிக்கு எதிராகச் சதி செய்தார்கள் என்று மரண தண்டனை. எந்தச் சொல்லால் லோவை வீழ்த்தினாரோ, அதே சொல் அவர் குடும்பத்தின் தலையில் விழுந்தது. லோவைத் தூதுவராக்கிய கின் நியுன்ட் 2004இல் பதவி பறிக்கப்பட்டு வீட்டுக் காவலுக்குப் போனார், 2012இல் வெளிவந்தார். அவர்கள் எல்லாம் போனார்கள், வந்தார்கள். ஏசியா வேர்ல்டின் கப்பல்துறையில் மட்டும் பளு தூக்கி ஒரு நாளும் நிற்கவில்லை.

அமெரிக்கா என்ன செய்தது? 1996இல் ஸ்டீவன் லாவுக்கு விசா மறுத்தது. 2008 பிப்ரவரியில் தந்தை, மகன், மகனின் மனைவி, அவர்களுடைய நிறுவனங்கள், சிங்கப்பூரில் இருந்த பத்துக் கம்பெனிகள் அனைத்தையும் தடைப் பட்டியலில் ஏற்றியது. தந்தையை 'ஹெராயினின் ஞானத்தந்தை' என்று அழைக்கப்படுபவர் என்றும், மகன் 1990களில் அந்தத் தொழிலில் சேர்ந்தார் என்றும் அமெரிக்கக் கருவூலம் எழுதியது. எழுதியது ஒரு நாட்டின் அரசு, நீதிமன்றத் தீர்ப்பல்ல. அதையும் சொல்லிவிடவேண்டும்.

2011இல் பர்மாவில் இராணுவ உடை கழன்று குடியரசுத் தலைவர் உடை ஏறியது. தெயின் செயின் ஆட்சி. வடக்கே கச்சின் நாட்டில், மாலியும் ந்மாயும் கூடி ஐராவதியாகும் மித்சோன் என்ற இடத்தில் ஓர் அணை எழுந்துகொண்டிருந்தது. சீன அரசு நிறுவனமும் ஏசியா வேர்ல்டும் பங்காளிகள். 6,000 மெகாவாட் மின்சாரம் வரும். அதில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவுக்குப் போகும் என்பது திட்டம். ஊரைக் காலி செய்யவேண்டியவன் கச்சின் உழவன். அவன் குடிசையில் விளக்கு இல்லை. எழுத்தாளர் எழுதினர், துறவியர் பேசினர், ரங்கூன் நகரத்தான்கூட ஐராவதி எங்கள் ஆறு என்றான். 2011 செப்டம்பர் 30ஆம் நாள், வேலை நிறுத்திவைக்கப்படும் என்று தெயின் செயின் அறிவித்தார். அரை நூற்றாண்டில் ஒரு முறை, ஒப்பந்தப் பத்திரத்தை மக்கள் குரல் தள்ளி நிறுத்தியது! ஆனால் பெயர்த்து வேறிடத்தில் குடிவைக்கப்பட்டவர்கள் நிலம்? அது திரும்பி வந்துவிடவில்லை.

2013 ஜூலையில் லோ இறந்தார். அடுத்த மாதமே ரங்கூன் விமான நிலையத்தை விரிவாக்கும் ஒப்பந்தம் ஏசியா வேர்ல்டைச் சார்ந்த கூட்டுக்குக் கிடைத்தது.

இன்னொரு காட்சி, 2015. பர்மாவோடு வாணிபம் செய்யலாம் என்று அமெரிக்கக் கம்பெனிகள் ஓடிவந்திருந்த காலம். அவர்கள் சரக்கு எங்கே இறங்கவேண்டும்? ரங்கூனின் முக்கியமான கப்பல்துறையில். அது யாருடையது? தடைப் பட்டியலில் உள்ள ஏசியா வேர்ல்டுடையது! அமெரிக்க வங்கிகள் விழித்துக்கொண்டு, இந்தச் சரக்குக்குப் பணம் கொடுத்தால் நம்மீது வழக்கு வருமே என்று கையை இழுத்துக்கொண்டன. சட்டத்தை எழுதிய நாட்டின் சரக்கையே சட்டம் தடுத்தது. என்ன செய்தார்கள்? 2015 டிசம்பரில், அந்தத் துறையைப் பயன்படுத்த ஆறு மாதச் சிறப்பு அனுமதி கொடுத்தது அமெரிக்கக் கருவூலம். 2016 அக்டோபரில் பர்மாத் தடைகள் மொத்தமும் நீங்கின. ஸ்டீவன் லாவின் பெயரும் பட்டியலிலிருந்து நீங்கிற்று. அப்போது ஆட்சியில் இருந்தது சூ சியின் கட்சி. அவர்கள் கட்டவேண்டிய பாலத்துக்கும் சாலைக்கும் இயந்திரம் வைத்திருந்தவர்கள் யார் என்று பார்த்தார்கள். பழைய பெயர்களே எதிரில் நின்றன. எதிர்த்துப் போராடியவர்கள் சிறையில் இருந்த இருபது ஆண்டுகளில், எதிர்க்காதவர்கள் புல்டோசர் வாங்கிவிட்டார்களே!

2021 பிப்ரவரி 1இல் மீண்டும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மீண்டும் துப்பாக்கி, மீண்டும் சிறை. வறுமை முற்றிய மலைகளில் மீண்டும் கசகசா பூத்தது. ஆப்கானிஸ்தானத்தில் தாலிபான்கள் அபினைத் தடுத்தபின், 2023இல் உலகிலேயே மிகுதியாக அபின் விளைவிக்கும் நாடு பர்மா என்று ஐக்கிய நாடுகள் சபை கணக்குச் சொன்னது: 1,080 டன். காயைக் கீறுகிறவள் அன்று லோவின் அண்டை வீட்டுக்காரி. இன்று அவளுடைய பேத்தி.

1989இல் லோ தூது போய்ப் போர் நிறுத்திய அந்தக் கோகாங் படை, 2009இல் பர்மா இராணுவத்தால் மலையைவிட்டு விரட்டப்பட்டது. 2023 அக்டோபரில் துணைப்படைகளோடு திரும்பிவந்து, 2024 ஜனவரியில் தன் ஊரான லாவ்க்காயைப் பிடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் லாஷியோவையே பிடித்தது. பர்மா இராணுவத்தின் வடகிழக்குத் தலைமையகமே வீழ்ந்தது. 2025 ஏப்ரலில், சீனா இடைநின்று பேசியபின் நகரத்தை இராணுவத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த இரண்டாண்டில் மாண்டலே முதல் மூசே வரையிலான சாலை துண்டு துண்டாகப் பல படைகளின் கைக்குப் போயிற்று. ஒவ்வொரு துண்டிலும் ஒரு சாவடி, ஒவ்வொரு சாவடியிலும் ஒரு கொடி. சீட்டுக் கிழிப்பவன் மாறிக்கொண்டே இருந்தான். பணம் கொடுத்தவன் அதே லாரிக்காரன்.